இடையில் புகும் வேலை: கெர்னலில் இன்டரப்ட் எளிமையான கதை

1950-களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமில் எக்ஸ்1 என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. அதை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும், அதற்கு மென்பொருள் எழுத வேண்டிய இளைஞரிடம் ஒரு யோசனை சொன்னார்கள். காகித நாடாவைப் படிக்கும் கருவியோ அச்சிடும் கருவியோ தன் வேலையை முடித்ததும் ஒரு சைகை கொடுக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பாதியில் நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கப் போகும். கவனித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. யோசனையைக் கேட்டு அவர் மிரண்டுபோனார்.

மிரண்டதில் நியாயம் இருந்தது. அதுவரை அவர் கையாண்ட கணினி சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்தது. தவறு நேர்ந்தால் அதே புரோகிராமைத் திரும்ப ஓட்டினால் போதும், தவறும் அதே இடத்தில் திரும்ப வரும். இனி அப்படி இல்லை. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும், யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரத்தில், வேறொரு வேலை உள்ளே புகலாம். இன்று தெரிந்த பிழை நாளை தேடினால் அகப்படாது. டைக்ஸ்ட்ரா தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அவருடைய 1959-ஆம் ஆண்டு முனைவர் ஆய்வேடே இந்தச் சிக்கலை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பது பற்றியதுதான்.

கருவிகள் இப்படி இடையில் புகுவதைத்தான் பொறியாளர்கள் இன்டரப்ட் என்கிறார்கள். இது இல்லாவிட்டால் 'கீபோர்டில் ஏதாவது தட்டினார்களா, வைஃபையில் ஏதாவது வந்ததா' என்று பிராசஸர் ஒவ்வொரு கருவியையும் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் கணினியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ப்ராக் என்ற ஃபோல்டரில் இன்டரப்ட்ஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு பிராசஸர் கோருக்கும் ஒரு பத்தி. மெஷினை ஆன் செய்ததிலிருந்து யார் எத்தனை முறை குறுக்கிட்டார்கள் என்ற கணக்கு அது. டச்பேடில் விரலை நகர்த்திவிட்டு மறுபடி திறந்தால், அதற்குரிய எண் கூடியிருக்கும்.

இன்டரப்டைக் கவனிக்கும் சிறு நிரலுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அது ஓடும்போது அந்தக் கோரில் வேறெதுவும் ஓடாது. அதனால் அது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. டிஸ்க்கிலிருந்து தரவு வரட்டும் என்று தூங்கவும் கூடாது. ஆனால் கருவி கொண்டுவரும் வேலையோ பல நேரம் பெரியதாக இருக்கும். அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் வாசலில் கூரியர்காரர் வந்தால் என்ன செய்வோம்? கையெழுத்துப் போட்டு பார்சலை வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவோம். பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களும் வேலையை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்கள். உடனே செய்ய வேண்டியது மேல்பாதி, தள்ளிப்போடக்கூடியது கீழ்பாதி.

பிரித்தது சரி. தள்ளிப்போட்டதை எங்கே, யார் செய்வது என்பதில்தான் லினக்ஸ் பல ஆண்டுகள் தடுமாறியது. தொடக்கத்தில் மொத்தம் 32 கீழ்பாதிகளுக்குத்தான் இடம். மெஷினில் எத்தனை பிராசஸர் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கீழ்பாதிதான் ஓடலாம். 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு சாஃப்ட்ஐஆர்க்யூ, டாஸ்க்லெட் என்ற இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. அதன்பின் வொர்க்க்யூ என்ற இன்னொன்றும் சேர்ந்தது. எதை எப்போது பயன்படுத்துவது என்பதே புதியவர்களுக்குத் தனிப் பாடமாகிவிட்டது.

நெட்வொர்க் கார்டுகள் வேறொரு சங்கடத்தைக் கொண்டுவந்தன. விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகள் மிகச் சிறியவையாக இடைவிடாமல் வந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்கு 67 நானோ விநாடி. ஒவ்வொன்றும் ஒரு இன்டரப்ட் என்றால் பிராசஸர் வாங்கி வாங்கி வைப்பதிலேயே மாய்ந்துபோகும்; வாங்கியதை எந்தப் புரோகிராமிடமும் சேர்க்க நேரம் இருக்காது. இந்த நிலையை ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். லினக்ஸில் பிறகு வந்த தீர்வின் பெயர் நாப்பி. முதல் பாக்கெட் மட்டும் இன்டரப்ட் எழுப்பும். உடனே கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதன் வாயை மூடிவிட்டு, ஒரு சுற்றுக்குப் பொதுவாக 64 பாக்கெட் வரை தானே போய் எடுத்துக்கொள்ளும். வரத்து ஓய்ந்ததும் மறுபடி இன்டரப்டைத் திறந்துவிடும். கூட்டம் அதிகமானால் பழைய விசாரிக்கும் முறையே மேல் என்றாகிவிட்டது!

ஆனால் எளிமை என்று பார்த்தால் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. செல்போனின் தொடுதிரையை எடுத்துக்கொள்ளலாம். திரைக்கு அடியில் இருக்கும் சிப், ஐஸ்கொயர்சி என்ற மெதுவான இரண்டு கம்பி இணைப்பில் பேசுகிறது. விநாடிக்கு 4 லட்சம் துடிப்பு என்ற வழக்கமான வேகத்தில், விரல் பட்ட இடத்தைச் சொல்லும் முப்பது பைட்டுகளைப் படிக்க ஏறத்தாழ 0.7 மில்லி விநாடி ஆகும். மனிதருக்கு அது ஒன்றுமில்லை. 2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கோ அது 14 லட்சம் துடிப்பு. ஹேண்ட்லருக்குள் நின்று அவ்வளவு நேரம் காத்திருக்க வழியே இல்லை.

எனவே இத்தகைய கருவிக்கு டிரைவர் எழுதியவர்கள் ஒரே சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள்: ஹேண்ட்லரில் இன்டரப்டை அணைப்பது, வேலையை வொர்க்க்யூவில் போடுவது, அது முடிந்ததும் இன்டரப்டைத் திறப்பது. மூன்றே படிதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் தவறு செய்ய இடமுண்டு. திறக்க மறந்தால் திரை செத்துப்போகும். முன்கூட்டியே திறந்தால் அதே இன்டரப்ட் அலையலையாக வந்து கெர்னலை மூழ்கடிக்கும்.

2009-இல் 2.6.30 பதிப்பில் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் இந்தச் சடங்கை டிரைவர்களின் கையிலிருந்து வாங்கிக் கெர்னலின் நடுவில் வைத்தார். இப்போது டிரைவர் இரண்டு செயல்களைக் கொடுத்தால் போதும். முதலாவது, 'இது என் கருவியா' என்று மட்டும் பார்க்கும். இரண்டாவது தனக்கென ஒரு த்ரெட்டில், அதாவது கெர்னல் தனியாக ஓட்டும் வேலையாக, ஓடும். தொடுதிரை போன்றவற்றுக்கு முதலாவதும் தேவையில்லை. த்ரெட் முடியும் வரை இன்டரப்டை மூடி வைப்பதைக் கெர்னலே பார்த்துக்கொள்கிறது. த்ரெட் என்பதால் அது மற்ற வேலைகளைப் போலவே வரிசையில் நிற்கும், தூங்கும், முன்னுரிமை பெறும். ஓடும் வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதன் பெயரும் அங்கே தெரியும். எங்கோ மறைவில் நடந்த ஒன்று, எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

இதற்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஒதுக்கல்கள் நடந்தன. 2006 வரை எல்லா ஹேண்ட்லருக்கும் மூன்று தகவல்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவதை ஏறக்குறைய யாருமே தொட்டதில்லை. டேவிட் ஹவல்ஸ் நூற்றுக்கணக்கான கோப்புகளில் அதை ஒரே வீச்சில் அகற்றினார். ஒரு ஹேண்ட்லர் ஓடும்போது மற்றொன்று அதன் மேல் ஏறலாமா என்று டிரைவரே முடிவு செய்யும் உரிமை 2010 வரை இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கெர்னலின் ஸ்டாக் என்ற சிறிய தற்காலிக நினைவிடம் நிரம்பி மெஷின் விழும் ஆபத்து இருந்ததால், யாரும் ஏறக்கூடாது என்று ஒரே விதியாக்கிவிட்டார்கள். நெகிழ்வு போனது என்று சிலர் வருந்தலாம். ஆனால் யாருக்கும் தேவைப்படாத நெகிழ்வு பிழைக்குத்தான் இடம் கொடுக்கிறது.

கெர்னலின் காவல் வேலைகளில் ஒன்று சுவாரசியமானது. சில நேரம் ஒரு இன்டரப்ட் வரும், எந்த டிரைவரும் 'என்னுடையது' என்று சொல்லாது. கெர்னல் பொறுமையாக எண்ணும். ஒரு லட்சம் முறை வந்ததில் 99,900-க்கு மேல் ஆளில்லாமல் போனால், 'யாரும் கண்டுகொள்ளவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தியை எழுதிவிட்டு அந்த இணைப்பையே மூடிவிடும். பழுதான கருவி உள்ள லேப்டாப்களில் அந்த வரியைப் பார்த்துக் குழம்பியவர்கள் ஏராளம்.

ஹேண்ட்லர்களை த்ரெட்டாக மாற்றும் யோசனை, குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டிய ரியல்டைம் லினக்ஸ் முயற்சியில் வளர்ந்தது. தொழிற்சாலை ரோபோவின் கை நிற்க வேண்டிய கணத்தில் நெட்வொர்க் கார்டின் ஹேண்ட்லர் வழிமறிக்கக் கூடாது. த்ரெட்டாக இருந்தால் அதை ஓரம்கட்ட முடியும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியாகப் பராமரிக்கப்பட்ட அந்த வேலையின் கடைசித் துண்டை 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில், தங்கநிறத் தாளில் சுற்றி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கையில் கொடுத்தார் கிளைக்ஸ்னர். நவம்பரில் 6.12 பதிப்பில் அது வெளியானது.

எல்லாவற்றையும் த்ரெட்டாக்கிவிடவும் முடியாது. ஒரு த்ரெட்டை எழுப்பி ஓடவிடுவதற்கே நேரம் ஆகும். யார் எப்போது ஓடுவது என்பதை நடத்தும் டைமர் இன்டரப்ட் தானே போய் வரிசையில் நிற்கவும் முடியாது. பழைய டாஸ்க்லெட்டை வழியனுப்பும் வேலையும் நடக்கிறது. அதற்கு மாற்றாக, வொர்க்க்யூவின் புது வகை ஒன்று 2024-இல் 6.9 பதிப்பில் வந்திருக்கிறது. டிரைவர்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.