'ஈடிபஸ்' படிச்சாச்சு... கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் மேலே போகலாமா?

கிரேக்கத் துன்பியல் நாடகம் ஏதாவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்'. தெரியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் கதை. 'விதியை மீற முடியாது, அவ்வளவுதானே?' என்று பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே படிக்க அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் மலைக்கத் தேவையில்லை. 120-க்கும் மேல் எழுதிய சோஃபோக்ளிஸின் நாடகங்களில் இன்று முழுதாகக் கிடைப்பவை 7. ஈஸ்கிலஸ் பெயரிலும் 7-தான். யூரிப்பிடிஸ் பெயரில் மட்டும் 19. ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் ஒரு நாடகத்தை முடித்துவிடலாம்.

யூரிப்பிடிஸுக்கு மட்டும் ஏன் 19? இங்கேதான் சுவாரஸ்யமே. மற்ற இருவரின் நாடகங்களில் தங்கியவை, பாடமாக வைக்கப் பொறுக்கி எடுத்தவை என்று கருதப்படுகிறது. யூரிப்பிடிஸுக்கு அதோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. அகரவரிசையில் அடுக்கப்பட்ட அவருடைய முழுத் தொகுப்பில் ஒரு பகுதி தற்செயலாகத் தப்பியது. யாரும் தேர்ந்தெடுக்காத அந்தக் குவியலில் வரும் 'ஹெலன்', 'அயோன்' இரண்டும் சுபமாகவே முடிகின்றன! துன்பியல் என்றால் கடைசியில் எல்லாரும் சாகணும் என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது.

சோஃபோக்ளிஸ் முதுமையில், கி.மு. 409-ல் அரங்கேற்றிய 'ஃபிலோக்டிடிஸ்' நாடகத்திலும் சாவு இல்லை. ஆறாத புண்ணோடு தீவில் கைவிடப்பட்டவனை ஏமாற்றி அழைத்துவர ஓர் இளைஞனை அனுப்புகிறார்கள். அவன் பொய்யைத் தொடர்வானா? விதியைவிட மனசாட்சிக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களைக் கிரேக்கர்கள் வென்றார்கள். எட்டே ஆண்டுகளில் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தைப் போட்டார். வெற்றி முழக்கம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கதை நடப்பது எதிரியின் தலைநகரில். தவிப்பது தோற்ற மன்னனின் தாய். பார்த்தவர்களில் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இன்னும் கசப்பானது யூரிப்பிடிஸின் 'ட்ரோஜன் பெண்கள்'. மீலோஸ் தீவைப் பிடித்த ஏதென்ஸ், அங்கிருந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. சில மாதங்களில், கி.மு. 415-ல், அதே ஏதென்ஸ் மேடையில் தோற்ற ஊரின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படுகிறார்கள். மீலோஸை நினைத்துத்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களிடம் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

சரி, அடுத்து எதை எடுப்பது? ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' மகத்தானது, ஆனால் அடர்த்தியானது. கொஞ்சம் பழகிய பிறகு போகலாம். கோரஸ் பாடல்கள் சலிப்பூட்டினால் முதல் வாசிப்பில் வேகமாகத் தாண்டலாம், தப்பில்லை. யூரிப்பிடிஸின் 'மெடியா' நல்ல தொடக்கம். துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்பவள், அதற்கு முன் தன்னோடு தானே வாதாடும் இடம் ஒன்று போதும். கி.மு. 431 போட்டியில் இந்த நாடகம் இருந்த தொகுதிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான்.