மழை நாட்டில் ஒரு வறட்சிப் பூ

மாணவர்களே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது சற்று நேரம் தரையைக் கவனியுங்கள். மணல்மேல் நீளமாகப் படர்ந்த ஒரு கொடி கண்ணில் படலாம். இலை தடிப்பாக, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். காலை நேரமாக இருந்தால், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் போன்ற பூக்களும் விரிந்திருக்கும். அதுதான் அடும்பு. அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள்.

அந்த இலையைப் பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு விலங்கு நினைவுக்கு வந்திருக்கிறது. மலாய் மொழியில் அதன் பெயர் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரைக் குளம்பு. 1753-இல் அறிவியலாளர் லின்னேயஸ் சூட்டிய 'பெஸ்-காப்ரே' என்ற பெயருக்கு ஆட்டின் பாதம் என்று பொருள். சங்கப் புலவர்களுக்கோ அது மானின் குளம்பாகத் தெரிந்தது. ஆம், நெய்தல் நிலப் பாடல்களில் வரும் அதே கொடிதான் நம் கரைகளிலும் இயற்கையாக வளர்கிறது. அதன் விதை கடலில் மிதந்து கரை விட்டுக் கரை செல்லும்.

மழைக்கு நடுவே வறட்சியா?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அப்படியிருக்க, இங்கு வளரும் கொடி ஏன் வறட்சியைத் தாங்க வேண்டும்?

விடை மணலில் இருக்கிறது. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரியது. பெய்த மழை விரைவில் கீழே வடிந்துவிடும். மேல்மணல் வெயிலில் சுடும். கடல்நீர் தெறிப்பதால் உப்பும் சேரும். வேரைச் சுற்றி உப்பு அதிகமானால், சவ்வூடு பரவல் மூலம் நீரை உறிஞ்சுவது செடிக்குக் கடினமாகிவிடும். பக்கத்தில் நீர் இருந்தும் செடி தாகத்தில் வாடும்.

அடும்பு இதற்குத் தயாராக இருக்கிறது. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். கொடியின் கணுக்களிலும் வேர்விடும். தடித்த இலையில் நீர் சேர்ந்திருக்கும். இலையின் இரு பாதிகளும் பெரும்பாலும் மேல்நோக்கி மடிந்தே நிற்பதால், உச்சி வெயில் முழுப் பரப்பிலும் நேராக விழாது.

இதன் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? நாம் வதக்கிச் சாப்பிடும் கங்கோங் கீரை! இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம். ஒன்று தண்ணீரில் வாழப் பழகியது, மற்றொன்று சுடுமணலில். உறவுதானே என்று அடும்பைச் சமைத்துவிடாதீர்கள். அது உணவுக்கானதன்று, இலையையும் விதையையும் வாயில் வைக்க வேண்டாம்.

வீட்டில் வளர்க்கலாம்

செடி விற்பனைக் கடையில் விதையோ, இதை வளர்க்கும் ஒருவரிடமிருந்து கணுவுள்ள தண்டுத் துண்டோ வாங்குங்கள்.

விதையின் தோல் மிகக் கடினமானது. நீர் உள்ளே புகாது. கடலில் அதைக் காப்பாற்றுவதும் அந்தத் தோல்தான். ஆகவே முளைக்க வைக்க ஓர் உதவி தேவை. இதையே ஒரு சோதனையாகச் செய்யலாம். ஆறு விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் தோலை, விதைத்தழும்பு இல்லாத பக்கத்தில், உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மற்ற மூன்றை அப்படியே விடுங்கள். இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே எடைபோட்டு, ஓர் இரவு நீரில் ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் எடைபோடுங்கள். எது உப்பியது, ஏன்?

அகலமான தொட்டியில் இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய உரமும் கலந்து, உப்பிய விதையை ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்து வேர்பிடிக்கும்வரை மண் ஈரமாக இருக்கட்டும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும்.

வேர்பிடித்த பிறகுதான் பலரும் தவறு செய்கிறோம். பாசத்தோடு தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் போடுகிறோம். நீர் தேங்கினால் இதன் வேர் அழுகும். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும், பூ குறையும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும்.

கரையில் இருப்பது கரைக்கே

கடற்கரையில் படரும் கொடியை மட்டும் பிடுங்காதீர்கள். காற்று அடித்துவரும் மணலைத் தடுத்துச் சேர்ப்பது அதுதான். அப்படி நிலைத்த மணலில்தான் மற்றச் செடிகள் வேரூன்றுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று திரங்கானு, பகாங் கரைகளை அலைகளால் அரிக்கிறது. அங்கே கொடியை இழந்த மணல் எளிதில் பறிபோகும்.

உங்கள் கொடி பூத்தால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. மாலையில் நீங்கள் வீடு திரும்பும்போது அது வாடியிருக்கும்.