விளையாட்டுக்கு எழுதிய பொய். 4 மாதம் கொலைப்பழி சுமந்த பத்திரிகையாளர்
விக்கிபீடியாவை எந்த அளவுக்கு நம்பலாம்?

செல்போனில் ஒரு பேரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிபீடியாதான். பிள்ளைகள் புராஜெக்ட் எழுதுவதும் அதைப் பார்த்துத்தான். உள்ளதைச் சொன்னால், நிருபர்களாகிய நாங்களும் அவசரத்துக்கு அதைத்தான் பார்க்கிறோம்.

ஆனால் அதை எழுதுவது யார்? யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். 2001-ம் ஆண்டு தொடங்கியதில் இருந்து இதுதான் அதன் வழக்கம். இதில் மாட்டிக்கொண்டு ஒரு முதியவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

அவர் பெயர் ஜான் சீகன்தாலர். அமெரிக்காவில் உள்ள நாஷ்வில் நகரைச் சேர்ந்த பிரபல பத்திரிகையாளர். 1960-களில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். ராபர்ட் சுட்டுக்கொல்லப்பட்டபோது அவரது சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் இவரும் ஒருவர்.

2005-ம் ஆண்டு மே 26-ந்தேதி இவரைப் பற்றி விக்கிபீடியாவில் ஒரு பக்கம் முளைத்தது. ஜனாதிபதி ஜான் கென்னடி, அவரது தம்பி ராபர்ட் ஆகிய 2 பேர் கொலையிலும் இவருக்குத் தொடர்பு இருப்பதாக ஒரு காலத்தில் கருதப்பட்டது என்று அதில் இருந்தது. அத்தனையும் பச்சைப்பொய்!

3 நாள் கழித்து ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருத்தினார். எதைத் திருத்தினார் தெரியுமா? ஒரு எழுத்துப்பிழையை! கொலைப்பழி அவர் கண்ணில் படவே இல்லை. 4 மாதம் அது அப்படியே கிடந்தது. வேறு சில இணையதளங்களும் அதை அப்படியே காப்பி அடித்துப் போட்டன.

78 வயதான சீகன்தாலர் மனம் நொந்து பத்திரிகையில் கட்டுரை எழுதிய பிறகுதான் பரபரப்பு கிளம்பியது. அதே ஊரில் டெலிவரி கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் டிசம்பரில் உண்மையை ஒப்புக்கொண்டார். கூட வேலை பார்ப்பவரிடம் விளையாடுவதற்காக எழுதினாராம். அவருக்கு வேலை போனது. சீகன்தாலரோ வழக்கு போடவில்லை. அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பெரிய மனுஷர் 2014-ல் காலமானார்.

இதன் பிறகு, ஆங்கில விக்கிபீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுப்பக்கம் தொடங்கத் தடை வந்தது.

அப்படியானால் எல்லாமே பொய்யா? அதுவும் இல்லை. அதே டிசம்பரில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ், 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. விக்கிபீடியாவில் 162 தவறு. பெயர்பெற்ற பிரிட்டானிகாவிலும் 123 தவறு! கணக்கே சரியில்லை என்று பிரிட்டானிகா சண்டைக்கு வந்தது தனிக்கதை.

விஷயம் இதுதான். நாலு பேர் வந்து போகிற பக்கத்தில் யாராவது கிறுக்கினால் சில நிமிடத்திலேயே அழித்து விடுகிறார்கள். பெரிய தலைவர்கள் பக்கங்களுக்குப் பூட்டே போட்டு வைப்பதும் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில்தான் ஆபத்து. சீகன்தாலர் பக்கம் அப்படிப்பட்டது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவில் உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் அதுவும் அநேகமாக அப்படித்தான்.

சந்தேகம் வந்தால் ஒன்று செய்யுங்கள். வரியின் முடிவில் சின்னதாக ஒரு எண் இருக்கும். அதைத் தொட்டால் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியும். எண் இல்லாத வரியை அப்படியே நோட்டில் எழுத விடாதீர்கள். பக்கத்தோடு 'வரலாறு' என்று ஒரு பகுதியும் உண்டு. எந்தத் தேதியில் என்ன மாற்றினார்கள் என்பது வரிசையாக அதில் கிடக்கும்.