சங்கத்தின் பெயரும் சாவியும்

குன்றத்தூரில் வாழும் நம் பழைய மாணவர் சிலர், அவ்வூர்ச் சிறுவர்க்கென ஒரு படிப்பகச் சங்கம் நிறுவக் கருதி, அதற்கு யாது பெயரிடலாமென என்னை உசாவினர். சேக்கிழார் பிறந்த ஊராதலின், அவர் பெயரையே இடல்வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். விருப்பம் நன்றே. ஆயினும் அப்பெயர் நாளை எவர் கையில் இருக்கும் என்பதன்றோ முதற்கண் ஆராயத்தக்கது?

இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்றொன்று உளது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் தொடங்கப்பெற்றது. அங்கு வாழ்ந்தோர் பலதேசத்தார். நிலமும் நன்கொடையும் இருந்ததோ ஸ்ரீ அரவிந்தர் சொஸைட்டியின் பெயரில். அதனைத் தோற்றுவித்த அன்னையார் இருந்தகாலத்து அவர் சொல்லே விதியாயிற்று. எனவே எழுத்திலமைந்த விதியின் குறை எவர்க்கும் புலப்படவில்லை. 1973 நவம்பரில் அவர் மறைந்தார். பின்னர், உரிமை யாருடையது என்னும் வினா எழுந்தது. 1975இல் குடியிருப்போர் அவ்வூர்ப் பெயராலேயே தனிச்சங்கம் பதிய முற்பட்டனர். சொஸைட்டியார் எதிர்த்து வழக்கிட்டனர். பிணக்கு முற்றி, 1980இல் பாராளுமன்றம் தற்காலிகச் சட்டமொன்று இயற்றலாயிற்று. அது செல்லுமென உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. 1988இல் நிலையான சட்டம் பிறந்தது. குற்றம் எவர்பாலது என்று தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் இவ்வேற்பாட்டிற்கும் விலை உண்டு: ஆட்சிக்குழுவினரை நியமிப்பது இப்பொழுது மத்திய அரசு. 2021 முதல் அக்குழுவினர்க்கும் குடியிருப்போர் பலர்க்கும் சாலையமைப்பு முதலியவற்றில் நேர்ந்த பூசல் மறுபடியும் நீதிமன்றங்களை எட்டியது.

பாராளுமன்றம் நம் படிப்பகத்திற்காகக் கூடப்போவதில்லை. நமக்குள்ளது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. எழுவர் கூடிச் சங்கம் அமைக்கலாம். நிர்வாகக் குழுவில் மூவர்க்குக் குறையலாகாது. அவர் பதவி மூன்றாண்டிற்கு மேற்படலாகாது. மறுபடி தெரிந்தெடுக்கப்படுதற்குத் தடையில்லை. முன்னரே பதிந்த சங்கத்தின் பெயரையோ, அதனை மிக ஒத்ததையோ வேறொருவர் பதிதல் கூடாது. எனினும் இக்காப்பு சங்கங்களுக்கிடையே மட்டுமே செல்லும். வேறொருவர் அப்பெயரில் புத்தகம் அச்சிட்டு விற்பாராயின், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்கீழ்ப் பெயரைத் தனியே பதிந்திருத்தல் உதவும்.

பகைவர் பெரும்பாலும் வாயிலை உடைத்து வருவதில்லை. சந்தா செலுத்தி வருகின்றனர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பவுண்டேஷன் என்பது உலகத் தேசப்படத்தைப் பொதுவுடைமையாய் வரைவோர்க்குத் துணைநிற்கும் சங்கம், இங்கிலாந்திற் பதிவுபெற்றது. 2018 நவம்பர் 15ஆம் நாள், ஆண்டுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமைக்குரிய கடைசி நாளையொட்டி, ஒரே நிறுவனத்தைச் சார்ந்த நூறு பேர் ஒருசேர உறுப்பினராக மனுச்செய்தனர். சங்கத்தார் ஆராய்ந்து, இஃது ஏவப்பட்ட செயலென்று முடிவுசெய்தனர். நம் சிறு சங்கத்தில் நூறு பேர் எதற்கு? பதினைவர் போதுமே! ஆதலின், சேர்ந்து ஓராண்டு கழிந்த பின்னரே வாக்குரிமை என்றும், புதியவரை ஏற்பது குழுவின் தீர்மானத்தால் என்றும் துணைவிதி எழுதச் சொன்னேன். துணைவிதியை மாற்றுதற்கு நாலில் மூன்று பங்கினர் இசைவு வேண்டுமென்பது சட்டத்திலேயே உளது.

பெயரினும் பெரிது சாவி. வங்கிக் கணக்கு, இணைய முகவரி, அறையின் வாடகைச் சீட்டு, வணிகக் குறி ஆகிய யாவும் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல்வேண்டும். நல்லெண்ணமுடைய நண்பரொருவர் தம் பெயரில் வாங்கிவைத்த இணைய முகவரி, அவரோடு மனம் வேறுபட்ட நாளில் சங்கத்திற்கு உதவாது.

அவருள் ஒருவர், "தொடங்கிய நாங்களே என்றும் குழுவில் இருந்தால் எல்லாம் அடங்குமன்றோ?" என்றார். நான் உடன்படவில்லை. அங்ஙனம் பூட்டினால் உள்ளிருப்பாரே பொருளைக் கவரும்பொழுது வெளியேயுள்ள உறுப்பினர் செய்யத்தக்கது யாது? இதுபற்றி அவர்கள் இன்னும் தம்முள் வாதித்துக்கொண்டிருக்கின்றனர். பெயரைப்பொறுத்தமட்டில், சேக்கிழார் பெயருடன் ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு, அதனையொத்த பெயர் முன்னரே உண்டா என வினவப் பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்றிருக்கின்றனர்.