எடை குறைந்த கேமராவுக்கு மாறலாமா? வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஜார்ஜ்டவுன் - தைப்பூசத்திற்கு முதல் நாள் காலையில் இரதம் புறப்படும்போது, தோளில் கேமரா பையுடன் கூட்டத்தோடு நடக்கத் தொடங்குபவர்கள் பலர். தண்ணீர் பந்தல்களைக் கடந்து தண்ணீர்மலையை அடைந்த பிறகுதான் உண்மையான சோதனை. அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மூன்று கிலோ பையைச் சுமந்து ஒருமுறை ஏறி இறங்கியவர், அடுத்த ஆண்டு அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது புதிதல்ல.

அலமாரியில் கிடக்கும் கேமராவுக்குப் பினாங்கின் ஈரப்பதமும் எதிரி. சில மாதங்கள் எடுக்காமல் விட்டால் லென்ஸில் பூஞ்சை படரும். அதைவிடப் பெரிய இழப்பு, எடுக்கப்படாமல் போகும் படங்கள். செபராங் பிறையில் ஒரு தோட்டத்து ஆலயத் திருவிழாவையோ, இடிபடப் போகும் லயத்து வீட்டையோ, தாத்தா பாட்டியின் முகத்தையோ படம் எடுக்கப் பத்திரிகைகள் வரப்போவதில்லை. அந்தக் குடும்பத்தில் கேமரா வைத்திருப்பவர் எடுத்தால்தான் உண்டு. ஆகவே, எடை குறைந்த கேமராவுக்கு மாறுவது வெறும் வசதி பற்றிய கேள்வி அல்ல.

சுமை குறைந்த வரலாறு

இந்தச் சுமை பினாங்குக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1860களின் தொடக்கத்தில் பினாங்கிலும், இன்று செபராங் பிறை எனப்படும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலும் சுமார் 10 மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அப்போது கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். கேமரா, தகடுகள், இரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் என எல்லாவற்றையும் உடன் கொண்டு போக வேண்டியிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த இருவரைப் பழக்கி, படம் அச்சிடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாகத் தாம்சன் 1875-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர்களின் பெயர்கள் அதில் இல்லை. தமிழர்களாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதன் பிறகு கேமராவின் வரலாறு பெரும்பாலும் சுமை இறக்கிய வரலாறுதான். 1900-இல் கோடாக்கின் பிரவுனி பெட்டிக் கேமரா வந்தது. 1925-இல் லைகா சந்தைக்கு வந்து, 35 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவந்தது. 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறையை அறிவித்தன. உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய ‘மிரர்லெஸ்’ கேமராக்களின் காலம் அதிலிருந்து தொடங்கியது. 2018-இல் நிக்கானும் கேனனும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களுடன் களமிறங்கின.

எடை எங்கே இருக்கிறது?

மிரர்லெஸ் வாங்கினால் எடை தானாகக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டால் மெலிவது கேமராவின் உடல் மட்டுமே. பையின் பெரும் எடை லென்ஸில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கேனன் 5டி மார்க் 4 என்ற டிஎஸ்எல்ஆர் கேமரா 890 கிராம். அதற்குரிய 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,490 கிராம். மொத்தம் 3,185 கிராம்.

இவற்றை அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் வகைக்கு மாற்றினால், ஆர்6 கேமரா 680 கிராம். 24-70 லென்ஸோ 900 கிராம், எடை கூடியிருக்கிறது. 70-200 லென்ஸ் 1,070 கிராமாகக் குறைகிறது. மொத்தம் 2,650 கிராம். இவ்வளவு பணம் செலவழித்துக் குறைந்தது சுமார் அரைக் கிலோதான். பழைய லென்ஸ்களையே இணைப்பு வளையத்துடன் பயன்படுத்தினால் இந்த அரைக் கிலோவும் கிடைக்காது. உடலில் குறைந்த 210 கிராமில் 110 கிராமை அந்த வளையமே திரும்ப ஏற்றிவிடும்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில் ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 3 கேமரா 414 கிராம், 12-40 எஃப் 2.8 லென்ஸ் 382 கிராம், பானசோனிக் 35-100 எஃப் 2.8 லென்ஸ் சுமார் 360 கிராம். மொத்தம் ஏறத்தாழ 1,156 கிராம். கிட்டத்தட்ட அதே தூரங்களைப் படம் பிடிக்கும் இந்தத் தொகுப்பின் எடை, முதல் பையில் இருந்த 70-200 லென்ஸ் ஒன்றின் எடையைவிடக் குறைவு.

எதை இழக்கிறோம்?

எடை சும்மா குறைவதில்லை. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியதாவதால்தான் லென்ஸும் சிறியதாகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

மழையில் ஒரு வாளியையும் பால் மங்கு ஒன்றையும் அருகருகே வைத்தால், இரண்டின் மேலும் ஒரே மழைதான் பெய்யும். ஆனால் வாளியில் சேரும் நீர் அதிகம். ஒளியும் அப்படித்தான். சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்த படத்தில் தெரியும் புள்ளிகள், பெரிய சென்சாரில் ஐஎஸ்ஓ 12,800 வைத்து எடுத்ததற்கு ஏறக்குறைய சமம். பின்னணி மங்குவதும் குறையும். சிறிய சென்சாரில் எஃப் 2.8 தரும் மங்கல், பெரிய சென்சாரில் எஃப் 5.6 தருவதைப் போன்றது.

பகல் வெளிச்சத்தில் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரோவியங்களையோ குயின் ஸ்திரீட் ஆலயக் கோபுரத்தையோ எடுக்கும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஆடிவரும் காவடியை எடுக்கும்போது தெரியும். கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு, கை நடுங்குவதைச் சமாளிக்கும். காவடி ஆடுபவரை அசையாமல் நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகத்திற்கு ஒளி வேண்டும்.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தரச் சோதனையின்படி 5டி மார்க் 4 ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 900 படங்கள் எடுக்கும். இ-எம்5 மார்க் 3 சுமார் 310 படங்கள். திருவிழா நாளில் கூடுதலாக இரண்டு பேட்டரிகளாவது தேவைப்படும்.

நடுவழியும் உண்டு

எல்லாவற்றையும் விற்றால்தான் எடை குறையும் என்பதில்லை. இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட ஏபிஎஸ்-சி சென்சார் கேமராக்களைக் கேனன், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் ஆகிய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெரிய சென்சாரை விட மனமில்லாதவர் சிறிய லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். சோனி ஏ7சி என்ற ஃபுல் ஃபிரேம் கேமரா 509 கிராம். அதில் 120 கிராம் எடையுள்ள 35 எஃப் 2.8 லென்ஸைப் பொருத்தினால் மொத்தம் 629 கிராம்தான். இங்கு இழப்பது ஜூம் வசதி. தூரத்தில் இருப்பதை எடுக்க நடந்துதான் நெருங்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

கடைக்குப் போகும் முன் வீட்டுக் கணினியிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒவ்வொரு டிஜிட்டல் படத்திலும் எந்த லென்ஸ் தூரத்தில், எந்த ஐஎஸ்ஓ அளவில் எடுத்தோம் என்ற விவரம் பதிவாகியிருக்கும். கடந்த ஈராண்டில் எடுத்தவற்றில் பிடித்த 50 படங்களைத் தேர்ந்து அந்த விவரங்களைக் குறித்துக்கொண்டால், உண்மையான தேவை தெரிந்துவிடும். 50 படங்களில் 40 பகலில் எடுத்தவை என்றால் சிறிய சென்சாருக்குத் தயங்காமல் மாறலாம். பாதிக்கு மேல் இரவுத் திருவிழாவும் மண்டபத்துத் திருமணமும் என்றால் அவசரப்படக்கூடாது. பெரிய ஜூம் லென்ஸில் எடுத்தவை இரண்டு மூன்றுதான் என்றால், புதிய கேமராவே வேண்டாம். அந்த லென்ஸை மட்டும் வீட்டில் வைத்தாலே பையில் ஒன்றரைக் கிலோ குறையும்.

மாறுவது என்று முடிவான பிறகு, பழைய லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த லென்ஸுக்குப் பழைய சந்தையில் விலை கிடைக்காது. புதியதை நண்பரிடம் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒரு வார இறுதி முழுவதும் தோளில் மாட்டி நடந்து பார்ப்பது நல்லது. கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்தால் எடை தெரியாது.

தாம்சனுடன் வேலை செய்த அந்த இருவரின் காலத்தில், கூடாரத்தைத் தூக்கிப் போகாமல் படமே இல்லை. இன்று எதைத் தூக்குவது என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. தண்ணீர்மலையின் கடைசிப் படி வரை எந்தக் கேமரா உடன் வருமோ, அதுவே அவரவருக்கு ஏற்ற கேமரா.