தீவு எப்போது காலியாக இருந்தது? - கோல்டிங்கின் நாவலும் ‘மனித இயல்பு’ என்னும் சொல்லாடலும்

“மனுசன் அடிப்படையில மிருகந்தான் தோழர். சட்டம், போலீஸ், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் பாருங்க, ரெண்டே நாள்ல பல்லு வெளிய வந்துரும்.” வாசிப்புக் கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னது இது. சான்றாக அவர் எடுத்துவைத்தது வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ (1954) நாவலை. நாங்கள் அப்போது பேசிக்கொண்டிருந்ததோ ஒரு கலவரத்தைப் பற்றி. பெட்ரோல் வாங்கிக் கொடுத்தது யார், எரிக்க வேண்டிய வீடுகளை அடையாளம் காட்டியது யார் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, ‘மனித இயல்பு’ வந்ததும் அப்படியே நின்றுபோனது. களத்தில் இருபதாண்டுகள் நின்ற ஒருவரை ஒரு நாவல் இப்படி வாயடைக்க வைக்க முடியும் என்றால், அந்த நாவலைத் திரும்ப வாசிக்கத்தான் வேண்டும்.

நான் தமிழ் எம்.ஏ. கோல்டிங் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்களின் நோட்ஸில் சங்கு என்றால் ஜனநாயகம், மூக்குக்கண்ணாடி என்றால் அறிவியல், பன்றித்தலை என்றால் மனிதனுக்குள் இருக்கும் தீமை என்று வாய்ப்பாடு மாதிரி இருக்கும். வாய்ப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பிரதிக்குள் போனால் வேறு விஷயங்கள் தட்டுப்படுகின்றன.

கதை பலருக்கும் தெரியும். அணு யுத்தக் காலம். ஆங்கிலப் பள்ளிச் சிறுவர்களை ஏற்றிவந்த விமானம் விழுந்து அவர்கள் ஆளில்லாத தீவொன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சங்கை வைத்திருப்பவனுக்கே பேச்சுரிமை என்று விதி செய்கிறார்கள். பிறகு ஜாக் வேட்டைக்காரர்களோடு பிரிந்து போகிறான். வெறியாட்டம் ஒன்றில் சைமன் கொல்லப்படுகிறான், பாறையை உருட்டிவிட்டு பிக்கி கொல்லப்படுகிறான். ரால்ஃபைப் பிடிப்பதற்காகத் தீவுக்கே தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைப் பார்த்துத்தான் போர்க்கப்பல் வந்து அவர்களை மீட்கிறது. நாகரிகம் ஒரு மேல்பூச்சு, அது உதிர்ந்தால் உள்ளே காட்டுமிராண்டி என்பது இதன் வழக்கமான வாசிப்பு. சமூகத்தின் குறைகளுக்கு மனித இயல்பின் குறைகளில் வேர் தேடியதாக கோல்டிங்கும் சொல்லியிருக்கிறார்.

சரி, உதிர்ந்தது எது? முதல் அத்தியாயத்தில் ஜாக் வரும் காட்சியைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில், கறுப்பு அங்கி போர்த்திய தேவாலயப் பாடகர் குழு இரட்டை வரிசையில் கடற்கரையோரம் நடந்து வருகிறது. ஜாக்கின் உத்தரவில்லாமல் வரிசை கலையக் கூடாது. ஒரு பையன் நின்ற இடத்திலேயே மயங்கி விழுகிறான். தலைமைப் பதவிக்கு ஜாக் காட்டும் தகுதி, அவன் குழுவின் தலைமைப் பாடகன், உச்ச ஸ்தாயியில் பாடக்கூடியவன் என்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் தேர்தலில் தோற்றவனைச் சமாதானப்படுத்த ரால்ஃப் செய்வது என்ன? பாடகர் குழுவை அவன் வசமே விட்டுவிடுகிறான். அவர்கள்தான் வேட்டைக்காரர்கள் ஆகிறார்கள். ஆக, தீவின் ஆயுதப் படை காட்டுக்குள்ளிருந்து முளைக்கவில்லை. இங்கிலாந்திலேயே பழக்கப்பட்டு, அதே தளபதியின்கீழ் வந்து இறங்கியது. அங்கி போய் முகச்சாயம் வந்தது. வரிசை கலையவே இல்லை.

பிக்கியின் கதையும் இதுதான். இருப்பவர்களில் யோசிக்கத் தெரிந்தவன் அவன். ஆனால் குண்டன், ஆஸ்துமாக்காரன், மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அத்தையிடம் வளர்ந்தவன். அவன் பேசும் ஆங்கிலம் நல்ல பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இல்லை. அந்தப் பட்டப்பெயரை யாரிடமும் சொல்லாதே என்று ரால்ஃபிடம் கெஞ்சுகிறான். ரால்ஃப் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கிறான். நாவல் முடியும்வரை அவனுடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரிவதில்லை. பசியோ பயமோ தொடங்குவதற்கு முன்பே, முதல் நாளே, நாகரிகம் முழுசாக ஒட்டியிருக்கும்போதே இது நடந்துவிடுகிறது. பட்டப்பெயர் வைத்து ஒருத்தனை வெளியே நிறுத்துவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்பர் தரப்புக்கு வலுவான இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். ரோஜர் என்கிறவன் ஒரு சின்னப் பையனைச் சுற்றிக் கல் எறிகிறான், வேண்டுமென்றே குறி தவறி. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் இவை சேர்ந்து அவன் கையைத் தடுப்பதாக கோல்டிங் எழுதுகிறார். பின்னால் அதே கைதான் பிக்கியின் மேல் பாறையைத் தள்ளுகிறது. தடை நீங்கியதும் இயல்பு வெளிப்பட்டது என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் வாசித்திருந்தேன். ஆனால் அதற்குள் அங்கே ஒரு அரசே வந்துவிட்டது. தலைவன் இருக்கிறான், பாறைக்கோட்டை இருக்கிறது, காவல் இருக்கிறது. என்ன குற்றம் என்று சொல்லாமலே ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். ரோஜரின் கையை அவிழ்த்துவிட்டது சட்டம் இல்லாத நிலை அல்ல. இன்னொரு சட்டம், மேலிடத்து அனுமதி.

கோல்டிங் எதற்கு எதிராக எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்.எம். பாலன்டைனின் ‘கோரல் ஐலண்ட்’ 1857-இல் வந்தது. நம் சிப்பாய்க் கலக ஆண்டு. அதிலும் ஒரு ரால்ஃப், ஒரு ஜாக் உண்டு. அங்கே ஆங்கிலச் சிறுவர்கள் உத்தமர்கள், தீமை எல்லாம் நரமாமிசம் தின்னும் தீவுவாசிகளிடம். கடற்படையில் இருந்து 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்தைக் கண்ட கோல்டிங், தீமை உன் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது என்று தன் இனத்தாரிடம் சொன்னார். பெரிய விஷயம்தான். ஆனால் தீவுவாசிகளை வெளியேற்றியவர் அவர்களுடைய சாயத்தையும் ஆட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டார். ஆங்கிலேயன் கெட்டுப்போனதைக் காட்ட அவனுக்கு மற்றமையின் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. இப்படிச் சாயம் பூசித் திரிவதா என்று பிக்கி கேட்கும் இடத்தில் முதல் பதிப்பில் இருந்தது கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல். பிந்தைய பதிப்புகளில் மாற்றினார்கள். பகுத்தறிவின் குரல் என்று நோட்ஸ் சொல்லும் பிக்கியின் வாயில் அந்தச் சொல்! கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ பற்றி 1975-இல் சினுவா அச்செபே எழுப்பிய ஆட்சேபம் இங்கும் பொருந்தும்: ஓர் ஐரோப்பிய மனம் சிதைவதற்கு ஆப்பிரிக்கா மேடைத் திரையா?

இன்னொரு தகவல். கோல்டிங் சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியர். சுற்றுலா கூட்டிப்போன மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, பழங்கால மண்கோட்டை ஒன்றை ஓர் அணி தாக்கவும் மற்றது காக்கவும் விட்டு வேடிக்கை பார்த்தார் என்கிறது ஜான் கேரி எழுதிய வாழ்க்கை வரலாறு (2009). இயல்பு தானாக வெளிப்பட்டதா, வாத்தியார் வெளிப்படச் சொன்னாரா?

நாவலுக்கு மறுப்பாக இப்போது எல்லோரும் டோங்கா சிறுவர்களைக் காட்டுகிறார்கள். 1965-இல் விடுதிப் பள்ளியிலிருந்து படகைத் திருடிக்கொண்டு கிளம்பிய ஆறு பேர் அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கி, பதினைந்து மாதங்கள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. ஒருவன் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு, அவன் வேலையையும் மற்றவர்கள் செய்தார்கள். 1966-இல் ஆஸ்திரேலியப் படகோட்டி பீட்டர் வார்னர் மீட்டுக் கொண்டுவந்தார். ஊர் திரும்பியதும், படகுச் சொந்தக்காரர் புகாரில் போலீஸ் அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தது என்பது தனி வேடிக்கை. டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் ‘ஹியூமன்கைண்ட்’ நூலில் (ஆங்கிலத்தில் 2020) இதை வைத்து மனிதன் அடிப்படையில் நல்லவன் என்கிறார். எனக்கு இதிலும் உடன்பாடில்லை. மிருகம் என்பதற்குப் பதில் தெய்வம்; சாரம் தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த ஆறு பேரும் சேர்ந்து ஜெபித்தவர்கள், சேர்ந்து பயிர் வைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் வெறுங்கையோடு இறங்கவில்லை.

அட்டா ஏன் காலியாக இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே ஒரு கிராமம் இருந்தது. 1863-இல் ‘கிரேஷியன்’ என்ற கப்பல் வந்து, ஏறக்குறைய 140 பேரை ஏற்றிக்கொண்டு போனது. பெரு நாட்டு அடிமை வியாபாரம் நடந்த காலம். எஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவுக்குக் குடிபெயர்த்தார். நூறாண்டு கழித்து அந்தச் சிறுவர்கள் பிடித்து வளர்த்த கோழிகள், அந்தக் கிராமத்தார் விட்டுப்போன கோழிகளின் வம்சம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப கலவரத்துல கல்லெறிஞ்சவன் மேல தப்பே இல்லைங்கிறீங்களா?” என்றார். இல்லை, கல்லெறிந்தவன் பெயரும் வேண்டும், அனுமதி கொடுத்தவன் பெயரும் வேண்டும் என்றேன். அடுத்த கூட்டத்தில் அந்தக் கலவரம் பற்றிய உண்மை அறியும் குழுவின் அறிக்கையை வரிவரியாக வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. நாவலையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.