வரிகளுக்கு நடுவே ஒரு கல்வி

ஜாவாத் தீவின் பெசாந்த்ரென் எனும் இஸ்லாமிய உறைவிடப் பள்ளிகளில் மாணவர் கையிலிருக்கும் அரபு நூலைப் பிரித்தால், வரிகளுக்கு இடையே விடப்பட்டிருக்கும் அகலமான இடம்தான் முதலில் கண்ணில் படும். மஞ்சள் தாள், உயிர்க்குறிகள் இல்லாத எழுத்து. ஆசானான கியாய் ஒவ்வொரு சொல்லாக வாசித்து ஜாவானியத்தில் பொருள் சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்திருக்கும் மாணவர்களான சாந்த்ரிகள் அதை அந்தந்தச் சொல்லுக்கடியில் சாய்வாகத் தொங்கவிட்டு எழுதிக்கொள்வார்கள். மொழி ஜாவானியம், எழுத்து அரபு: நம் அரபுத்தமிழைப் போலவே. பெகோன் என்று அதற்குப் பெயர்.

பொருளோடு இலக்கணமும் கூடவே வந்துவிடுவதுதான் இதில் அருமை. எழுவாய் வந்தால் 'உத்தாவி', பயனிலை வந்தால் 'இக்கு' என்று சொல்லியாக வேண்டும். எழுதும்போது அவையும் சுருங்கி, ஒற்றை அரபு எழுத்தாகச் சொல்லின் தலைமேல் ஏறிவிடும். பல ஆண்டுகள் இப்படிப் படித்தவருக்குக் குறியில்லாத பக்கமும் தானாகப் பிரிந்து பொருள்படும். ஒரு நூல் முடிந்ததும், அடுத்த நூலில் பேர்பெற்ற கியாயைத் தேடி வேறு ஊருக்குப் போவார்கள்.

இந்த உலகத்துக்குள் கரும்பலகையையும் பாடவேளையையும் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் கியாய்களேதான். ஜொம்பாங்கில் 1899இல் ஹாஷிம் அஷ்அரி தொடங்கிய தெபுயிரெங் பெசாந்த்ரெனில், அவர் மகன் வாஹித் ஹாஷிம் 1930களில் பொதுப் பாடங்களைச் சேர்த்தார். கியாய்கள் பலர் காலனி ஆட்சியாளரின் உடையைக்கூடத் தீண்டத் தயங்கிய காலத்தில் அது பெரிய துணிவு. அதே வட்டாரத்து தெனான்யாரில் பிஸ்ரி ஷன்சூரி 1919இலேயே பெண்களுக்கு வகுப்பு திறந்திருந்தார்.

பொனொரோகோ அருகே கொந்தோர் இன்னும் தூரம் போனது. மூன்று சகோதரர்கள் 1926இல் புதுப்பித்த அந்தப் பெசாந்த்ரென், 1936இல் ஆறாண்டு வகுப்பு முறைக்கு மாறியது. அரபியும் ஆங்கிலமும் அங்கே பேச்சுமொழிகளாயின. என் பார்வையில், அதைவிடப் பெரிய மாற்றம் 1958இல் நடந்தது: சகோதரர்கள் பள்ளியை வக்ஃபாக, அதாவது பொது அறக்கொடையாக, எழுதிக்கொடுத்தார்கள். தந்தைக்குப் பின் மகன் என்று கைமாறும் வழக்கமுள்ள உலகில், தங்கள் பிள்ளைகளுக்கே அதில் வாரிசுரிமை இல்லாமல் செய்தார்கள்.

இந்தோனேசியாவின் 2019ஆம் ஆண்டுப் பெசாந்த்ரென் சட்டம் மஞ்சள் நூல் வாசிப்பு, கொந்தோர் வழி வகுப்பு, பொதுக்கல்வியோடு இணைந்த முறை என மூன்றையும் ஏற்கிறது. தொங்கும் வரிகளை எழுதிப் படித்தவரின் சான்றிதழும் இப்போது அரசின் கணக்கில் செல்லும்.